மணப்பெண்ணின் மேல் போட்ட பழி

போன மாதம் நம் புகைப்படக்காரர் சங்கக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் தான் எடுத்த படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். பள்ளி ஆண்டு விழாப் படம். வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பெண் பிள்ளை, வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று கோப்பை வாங்குகிறாள். கோப்பையின் பளபளப்பு தெரிந்தது. சீருடையின் மடிப்பு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டாக ஒரு வட்டம்தான் இருந்தது. "ஏன் தம்பி இப்படி?" என்று கேட்டேன். "கேமரா பக்காங்க மேடம். புள்ள கலரு அப்படி" என்றார். பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் திட்டத்தான் வந்திருக்கும், சொல்ல வேண்டியது வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். ஒரு மாதம் ஆகிவிட்டதே, கோபம் ஆறியிருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே வார்த்தையை நான் எண்பதுகளில் ஏற்காட்டில் கேட்டேன். அன்று அது ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தது. உங்கள் கையில் இருப்பது டிஜிட்டல் கேமரா, எங்கள் கையில் இருந்தது ஃபிலிம் கேமரா. வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் செய்கிற தப்பும், தப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிற ஆளும் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இன்றைக்கும்.

கடைவீதியில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வேலை. முதலில் நெகட்டிவ்களில் முகக் குறைகளைப் பென்சிலால் திருத்தும் டச்சிங் வேலைக்குத்தான் சேர்ந்தேன். பிறகு முதலாளி என் கையிலும் ஒரு கேமராவைக் கொடுத்தார். மணப்பெண் அலங்காரம் செய்கிற அறைக்குள் ஆண்கள் வந்து நிற்பதைப் பல குடும்பங்கள் விரும்பவில்லை, அதுதான் காரணம். பெண் அறைக்கு நான். வெளியே நடப்பதெல்லாம், அதாவது சர்ச், படிக்கட்டு, குடும்பக் கூட்டம் எல்லாம் சம்பத்.

சம்பத் முதலாளியின் மச்சான். அவருக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அப்போது கடைக்குப் புதிதாக ஒரு கேமரா வந்திருந்தது. யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தானே வெளிச்சத்தை அளந்து, தானே வேகத்தை வைத்துக்கொள்ளும். அதன் தலையில் ஒரு சின்ன டயல், பிளஸ் மைனஸ் டயல் என்போம். உங்கள் கேமராவிலும் அது இருக்கிறது, பொத்தானாகவோ மெனுவிலோ. கேமரா அளந்தது சரியில்லை என்று நமக்குத் தோன்றினால் கூட்டிக்கொள்ளவும் குறைத்துக்கொள்ளவும் வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்திருக்கிறார்கள்? மீட்டருக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் சாம்பல் நிறம். வெள்ளைச் சுவரைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று பயந்து அடக்கிவிடும். கறுப்புத் துணியைக் காட்டினால் வெளிச்சம் போதாது என்று தூக்கிவிடும். அதற்கு ஆள் தெரியாது. ஆளைத் தெரிந்துகொள்வதற்குத்தான் பின்னால் நாம் நிற்கிறோம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தைச் சம்பத்தான் எடுத்தார். மேடை முழுக்கக் கறுப்புத் திரை, நடிப்பவர்கள் முகத்தில் மட்டும் விளக்கு. இப்படியே விட்டால் மீட்டர் கறுப்புத் திரையைப் பார்த்துத் தூக்கிவிடும், முகமெல்லாம் சுண்ணாம்பாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டயலை மைனஸ் இரண்டில், அதாவது இரண்டு படி வெளிச்சம் குறைத்து, வைத்து எடுத்தார். சரியான முடிவு. பக்கத்தில் நின்ற எனக்கும் காட்டினார். ரோலில் மிச்சம் இருந்ததால் அது கேமராவிலேயே இருந்தது. அடுத்து வந்தது செலினின் கல்யாணம்.

செலின், கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அருளப்பனின் மகள். எஸ்டேட் பால்வாடியில் டீச்சர். நல்ல கறுப்பு, என்னைப் போல. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும் பெண். மாப்பிள்ளை ஜோசப் சிவப்பு. அவருக்குச் சேலத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பெற்றோர் இல்லை, அக்கா பிலோமினாதான் வளர்த்தவர். கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஜோசப் வாயைத் திறப்பார்.

கல்யாணத்தன்று காலையிலேயே பனி ஏறிவிட்டது. சர்ச் படிக்கட்டில் நின்றால் எதிரே உள்ள சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. பின்னால் வெள்ளைச் சுவர், சுற்றிலும் வெள்ளைப் பனி, நடுவில் வெள்ளைப் புடவையில் பெண். மீட்டர் பயப்பட இதைவிட வேறென்ன வேண்டும்? சம்பத் கண்ணில் கேமராவை வைத்தார், கட்டை விரலால் ரோலைத் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டே போனார். நான் பெண் அறையில் ஃபிளாஷ் வைத்துக் கொஞ்சம் படம் எடுத்ததோடு என் வேலை முடிந்தது.

ரோல்கள் பஸ்ஸில் சேலத்துக்கு லேபுக்குப் போய், கழுவிப் பிரிண்ட் போட்டு வந்தன. படங்களை வாங்க அருளப்பனும் பிலோமினாவும் ஒன்றாகவே வந்தார்கள். செலின் மறுவீட்டுக்காக அப்பா வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது.

பிலோமினா முதல் படத்தை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். பிறகு கட்டோடு மேசை மேல் போட்டார்.

"ஏனுங்க, இது கல்யாணப் படமுங்களா, கரி மூட்டைப் படமுங்களா?"

அருளப்பன் ஒரு படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "என்னங்க தம்பி இது? புள்ள மூஞ்சியே தெரியலீங்களே?"

சம்பத் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தலையைக்கூடச் சரியாகத் திருப்பவில்லை.

"நான் என்னங்க பண்றது? பொண்ணு கலரு அப்படி. இருக்கறதத்தானுங்க கேமரா காட்டும்."

பிலோமினாவுக்கு அது போதுமாக இருந்தது. "கேட்டுக்கிட்டீங்களா ரைட்டரே? நாங்க பொண்ணு பாக்க வந்தது பொழுது சாயற நேரம். மூஞ்சி நெறயப் பவுடரு. அன்னிக்கே எனக்கு மனசுல பட்டுது. இப்பக் கேமராவே சொல்லிருச்சு."

அருளப்பன் எஸ்டேட்டில் அதட்டலாகப் பேசுகிறவர்தான். அன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெண் அறையில எடுத்ததுல நல்லாத்தானுங்க இருக்குது" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அது ஃபிளாஷுங்க. ஃபிளாஷ்ல யாரும் வெளுப்பாத்தான் தெரிவாங்க" என்றார் சம்பத்.

எனக்குத் தாங்கவில்லை. உள்ளே டச்சிங் மேசையிலிருந்து எழுந்து வந்தேன். குடும்பப் படத்தை எடுத்து பிலோமினா முன்னால் வைத்தேன்.

"மாப்பிள்ளை சிவப்புதானுங்களே, இதுல அவரு மூஞ்சி எங்கீங்க தெரியுது? அவருக்கு அந்தப் பக்கம் கருகருன்னு நிக்கறது யாருங்க?"

பிலோமினா குனிந்து பார்த்தார். "அது... நான்தான்" என்றார். இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "அவ பக்கத்துல நின்னா எங்களுக்கும் ஒட்டிக்குது போல இருக்குது" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ உள்ள போம்மா."

பிலோமினா கிளம்பும்போது அருளப்பனிடம் சொல்லிவிட்டுப் போனதும் என் காதில் விழுந்தது. "நாலு சனத்துக்குக் காட்டற மாதிரி ஒரு படம் வரோணும். வந்தப்பறம் பொண்ண அனுப்பறதப் பத்திப் பேசலாமுங்க. அது வரைக்கும் உங்கூட்டுலயே இருக்கட்டும்."

கழுத்தில் தாலி ஏறிய பெண். ஒரு கெட்டுப்போன படத்துக்காக அவள் அப்பா வீட்டில் நிற்க வேண்டும். படத்தைக் கெடுத்தவர் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு வழி சொன்னார். ஸ்டுடியோவுக்குள் வைத்து மறுபடி எடுப்பது. நிறையப் பவுடர், நிறைய விளக்கு. மிச்சத்தை நான் டச்சிங்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். "வெளுப்பா ஒரு படம் குடுத்துட்டா அந்தம்மா வாய மூடிக்கும். முடிஞ்சு போச்சு." அதாவது, கறுப்பாக இருப்பது அவளுடைய தப்பு, நாம் பெரிய மனசு பண்ணி அதை மறைத்துக் கொடுக்கிறோம்.

மறுநாள் செலின் தனியாக பஸ் ஏறி வந்தாள். சம்பத் சேலத்துக்குப் போயிருந்தார். அப்பா கொண்டுவந்த படங்களில் ஒன்றை அவள் கையோடு எடுத்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, எம் மூஞ்சி எங்கக்கா போச்சு?"

நான் படத்தை வாங்கிக்கொண்டேன்.

"நான் கருப்புன்னு எனக்குத் தெரியாதாங்க்கா? பொறந்ததுல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறாங்க. ஆனா கண்ணு இருக்குது, மூக்கு இருக்குது. எங்கம்மாவோட தோடு போட்டிருந்தேன், அதுகூடத் தெரியல பாருங்க. கருப்பா இருந்தா மூஞ்சியே இல்லாமப் போயிருமா?"

அழவில்லை. கோபமாகத்தான் கேட்டாள். அவள் கேட்டதற்குள்ளேயே பதில் இருந்தது. கறுப்பு ஒரு நிறம். கறுத்த முகத்தில் ஒளி விழும், பளபளக்கும், கன்னத்து மேடும் கண்ணோரச் சுருக்கமும் தெரியும். படத்தில் இருந்தது நிறம் இல்லை, வெளிச்சம் போதாமை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தும் மாற்றிச் சொல்கிறவரைப் பற்றி என்ன சொல்வது?

முதலாளியிடம் போய், கேமராவில் கோளாறா என்று பார்க்கிறேன் என்றேன். "பாரு" என்றார்.

நீங்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கோபமாக இருக்கும்போதுதான் வரிசையாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்கு வேண்டாத ஆளின் மேல் போய் முடியும் நம் சந்தேகம். சம்பத் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, அதனாலேயே முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். பேட்டரியை மாற்றினேன், மீட்டர் முள் காட்டிய அளவு மாறவில்லை. ஃபிலிம் வேகம் சரியாக வைத்திருந்தது. லென்ஸுக்குள் இதழ்கள் ஒட்டாமல் திறந்து மூடின. பிளஸ் மைனஸ் டயல் சுழியில், அதாவது பூஜ்யத்தில், நின்றது. கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் பனியும் வெள்ளைச் சுவரும்தான் காரணமா? ஒரு பங்கு அவைதான். ஆனால் நெகட்டிவைக் கையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி இருந்தது, அவ்வளவு மெலிவு; ஃபிலிமில் போதிய வெளிச்சமே விழவில்லை. பனி மட்டும் இவ்வளவு செய்யாது. ரோலை முதலிலிருந்து விளக்குப் பெட்டி மேல் விரித்தேன். முதலில் கிறிஸ்துமஸ் நாடகம், நல்ல படங்கள். அது முடிந்த இடத்திலேயே, அதே ரோலில், கல்யாணம். நாடகத்துக்குச் சம்பத் டயலை எங்கே வைத்தார் என்று எனக்குக் காட்டியது ஞாபகம் வந்தது.

ஞாபகம் சாட்சி ஆகாது. பனி ஏறிய ஒரு காலையில் செலினை அதே வெள்ளைப் புடவையில் அதே படிக்கட்டில் நிற்க வைத்தேன். டயல் சுழியில் இருக்கும்போது சில படங்கள், மைனஸ் இரண்டில் சில படங்கள். அந்த ரோலையும் அதே லேபுக்கு அனுப்பினேன். வந்ததும் கல்யாண நெகட்டிவை நடுவில் வைத்துப் பார்த்தேன். சுழியில் எடுத்தது கொஞ்சம் மங்கல், ஆனால் கண்ணும் மூக்கும் இருந்தன. மைனஸில் எடுத்ததையும் கல்யாணத்தில் எடுத்ததையும் இடம் மாற்றி வைத்தால் எது எதென்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்யாணத்தன்று டயல் மைனஸில் இருந்திருக்கிறது. நான் பார்க்கும்போது சுழியில் இருக்கிறது. நடுவில் அந்தக் கேமரா சம்பத்தைத் தவிர வேறு யார் கைக்கும் போகவில்லை. டயல் தானாகத் திரும்பாது.

சம்பத் கடைக்கு வந்ததும் மூன்று நெகட்டிவையும் அவர் முன்னால் வைத்தேன். "டயலத் திருப்பி வெச்சது எப்பங்க?" என்று கேட்டேன்.

"எந்த டயலு?" என்றவர், குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பொய் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டார்.

"கல்யாணத்துக்கு மறுநாள். வேற ரோல் போடறப்பப் பாத்தேன்."

"அப்போ படம் வர்றதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? கல்யாணத்த மறுபடி நடத்துவாங்களா? நான் பண்ணுன தப்புன்னு சொல்லியிருந்தா இந்த மலையில எவன் இந்தக் கடைக்கு வருவான்? அந்தப் பொண்ணு நாளைக்கு ஒரு புள்ளயப் பெத்தா எல்லாம் மறந்துரும், போ."

"கடை பேரு கெடக் கூடாது. அந்தப் பொண்ணு பேரு கெட்டாப் பரவாயில்லீங்களா?"

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "அவ கருப்புதான? நான் என்ன பொய்யா சொன்னேன்?"

டயலைத் திருப்ப மறப்பது யாருக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும். அதற்காக நான் ஒருவரையும் திட்ட மாட்டேன். ஆனால் தப்பு தெரிந்த பிறகு ஒரு மனிதர் சுற்றும் முற்றும் பார்த்து, இதை யார் மேல் போட்டால் ஊர் உடனே நம்பும் என்று யோசித்து, ஒரு கறுத்த பெண்ணைத் தேர்ந்தெடுத்தாரே, அது மறதி இல்லை. மாப்பிள்ளை மேல் போட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பனி மேல் போட்டிருந்தால் கேள்வி வந்திருக்கும். அவள் மேல் போட்டதும் ஒரு கேள்வியும் வரவில்லை. பெற்ற அப்பாகூட ஒரு நிமிடம் நம்பித்தான் போனார். படம் கெட்டால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். பிறகு கேமராவை, பிறகு வெளிச்சத்தை. எதிரே நிற்கிற ஆளின் தோலைச் சந்தேகப்படத் தோன்றுகிற அன்று கேமராவை விற்றுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

முதலாளியிடமும் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. நெகட்டிவ்களைக் கவரில் போட்டு இழுப்பறைக்குள் வைத்தார். "இது இந்த ரூமத் தாண்டக் கூடாது. நான் சொன்ன மாதிரியே மறுபடி எடுத்துக் குடுத்துரு" என்றார்.

நான் செலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "ஸ்டுடியோவுல வேண்டாங்க்கா. அதே படியில எடுக்கோணும். நீங்கதான் எடுக்கோணும்." அருளப்பன் சேலத்துக்கு ஆள் அனுப்பி ஜோசப்பை வரச் சொன்னார்.

படிக்கட்டில் எடுக்க அரை மனதாக ஒத்துக்கொண்ட முதலாளியும், மறுபடி எடுத்த அன்று கூடவே வந்தார். என்னை நம்பி விட மனமில்லை. சம்பத் வரவில்லை. ஜோசப் கல்யாணக் கோட்டோடு வந்திருந்தார், பக்கத்தில் பிலோமினா பவுடர் டப்பாவோடு. செலினின் முகத்தில் ஏற்கெனவே பூசியிருந்தார், இன்னும் பூசினார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். செலின் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

முதலாளி என் காதருகே வந்தார். "ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் தூக்கி எடு, வெளுப்பா வரட்டும். மிச்சத்த லேப்ல சொல்லிக்கறேன்."

ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி வருவது தெரிந்தது. வந்து மூடிவிட்டால் அன்றைக்கு வேலை நடக்காது. பிலோமினா இன்னொரு தடவை வருவாரா என்பதும் சந்தேகம். யோசிக்க நேரமில்லை. தூக்கி எடுத்தால் பிலோமினா சந்தோஷப்படுவார், முதலாளி சந்தோஷப்படுவார், செலின் சேலத்துக்குப் போவாள். எல்லாருடைய கதையும் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் முதல் படத்தில் அவள் முகத்தை இருட்டில் தொலைத்தோம். இந்தப் படத்தில் வெளிச்சத்தில் தொலைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் வீட்டுச் சுவரில் ஆயுசுக்கும் வேறு ஒருத்தி தொங்குவாள். வருகிறவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

நான் கேமராவைக் கீழே இறக்கினேன்.

"ஜோசப் தம்பி, ஒரு விசயம் சொல்லோணுமுங்க. அன்னிக்குப் படம் ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியுமுங்களா?"

முதலாளி முந்திக்கொண்டார். "பனிங்க, பனி."

"பனி கொஞ்சம். மிச்சம் எங்க கைத்தப்புங்க. கேமராவுல ஒரு டயலத் திருப்பாம எடுத்துட்டோம். அதுல உங்க மூஞ்சியும் தெரியாது, உங்கக்கா மூஞ்சியும் தெரியாது. பொண்ணு கலருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. எங்க கடையில சொன்னது பொய்யி."

பிலோமினா கையை வீசினார். "கடைக்காரங்க சண்டைய எங்ககிட்ட எதுக்குக் கொண்டாறீங்க? கருப்பு கருப்புதான்."

ஜோசப் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேலும் கோபம்தான் வந்தது. அப்போது செலின் கண்ணைத் திறந்தாள். அவர் பக்கம் கையை நீட்டினாள்.

"ஏனுங்க, உங்க கர்ச்சீப்பக் குடுங்க."

"செலினு, வேண்டாம்" என்றார் பிலோமினா.

செலின் கையை மடக்கவில்லை. ஜோசப் கோட்டுப் பையில் கையை விட்டவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். அவள் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அழுத்தித் துடைத்தாள். கர்ச்சீப் பவுடரில் வெள்ளையாகிப் போனது.

"இப்ப எடுங்கக்கா."

நான் அவள் பக்கத்தில் போய் முகத்துக்கு நேரே கேமராவை வைத்து அளந்தேன். அங்கேயும் மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கிற அதே மீட்டர், கறுத்த முகத்தையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். அதற்கு எல்லாரும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அது காட்டியதிலிருந்து கொஞ்சம் குறைத்து, அதையே கையால் நிறுத்திக்கொண்டு, பின்னால் போய் நின்று எடுத்தேன். சில படங்கள்தான் எடுக்க முடிந்தது. பனி வந்து படிக்கட்டை மூடிவிட்டது.

பிரிண்ட் வந்தபோது எல்லாரும் மறுபடி கடையில் கூடினார்கள். செலினின் முகம் கறுப்பாக, பளபளப்பாக, துல்லியமாக இருந்தது. உதட்டை அழுத்தி மூடியிருந்தாள். அன்று அவளுக்குக் கோபம், படத்திலும் கோபம் இருந்தது. காதில் தோடு மின்னியது.

பிலோமினா பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருப்பாத்தான இருக்கா."

"ஆமாங்கண்ணி, கருப்புதான்" என்றாள் செலின். "நான்னு தெரியுதில்ல?"

ஜோசப் படத்தை அக்கா கையிலிருந்து வாங்கினார். "பெருசாப் போட்டுக் குடுங்க. ஊட்டுல மாட்டோணும்" என்று என்னிடம் சொன்னார். அன்று சாயங்கால பஸ்ஸில் செலினையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

அதோடு எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பிலோமினாவின் வாய் அதற்குப் பிறகும் ஓயவில்லை என்று செலினே பிற்பாடு ஒரு தடவை சொன்னாள். ஜோசப் மெல்ல மெல்லத்தான் பேசக் கற்றுக்கொண்டாராம். ஒரு நல்ல படம் ஒரு குடும்பத்தைத் திருத்திவிடாது. ஆனால் ஒரு கெட்ட படத்தை வைத்து அவளை அப்பா வீட்டிலேயே நிறுத்திவைக்க முடியாமல் போனது. நம் தொழிலால் முடிந்தது அவ்வளவுதான். அதையாவது செய்ய வேண்டாமா?

அவர்கள் போன பிறகு முதலாளி கதவைச் சாத்தினார். சம்பத் உள் அறையில்தான் இருந்தார், கதவுக்கு அந்தப் பக்கம். நாங்கள் பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஊருக்கு முன்னால எம் மச்சான் மூஞ்சியில கரியப் பூசிட்ட. உள்ள போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேலையப் பாரு. இல்லீன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

எனக்கு வேறு வருமானம் இல்லை. கடைவீதியில் வேறு எந்த ஸ்டுடியோவிலும் ஒரு பெண்ணுக்குக் கேமரா கொடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். மேசையிலிருந்து என் பென்சில்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அவரு அந்தப் பொண்ணு மூஞ்சியில பூசினாரே, மொதல்ல போயி அதத் தொடச்சுட்டு வரச் சொல்லுங்க" என்றேன். "அதுக்கப்பறம் நான் மன்னிப்புக் கேக்கறேன்."

உள் அறைக் கதவு திறக்கும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். திறக்கவில்லை. நான் தெருவில் இறங்கி நடந்தேன்.